கெப்போங் ஈயக்குட்டை: மாதிரி எடுத்தது எத்தனை மணிக்கு?

கெப்போங்வாசி:
கோலாலம்பூரின் கெப்போங்கில் எங்கள் பக்கத்துப் பழைய ஈயக்குட்டையின் (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குட்டை) நீர் தரத்தில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது, ஆகவே சுற்றியுள்ள அடுக்குமாடிகளாலும் உணவுக்கடைகளாலும் அதற்குக் கேடு எதுவும் இல்லை என்று நீர்மானி அவர்கள் நேற்று இங்கே தீர்ப்பு எழுதியிருந்தார். நான் கேட்பது ஒன்றுதான்: மாதிரி எடுத்தது எத்தனை மணிக்கு?

நீர்மானி:
பிற்பகல் இரண்டு மணிக்கு. அதில் என்ன குற்றம் கண்டீர்கள்? மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் ஆறு அளவீடுகளையும் எடுத்துத்தான் நீர்த்தரக் குறியீட்டைக் கணக்கிட்டேன். 76.5-க்கு மேல் வந்தால் இரண்டாம் வகுப்பு என்பது நான் வகுத்த விதியன்று.

கெப்போங்வாசி:
விதியில் குற்றமில்லை, வேளையில்தான். சாக்கடை கொண்டுவரும் அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் தின்று தழைத்த பாசி, வெயிலில் உயிர்வளியை (ஆக்சிஜனை) வாரி வழங்கும். இருட்டியதும் அதே பாசியும் அடியில் அழுகும் கழிவும் அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். உங்கள் ஆறு அளவீடுகளில், நீரில் கரைந்த உயிர்வளிக்குத்தான் 0.22 என்று மிக அதிகமான எடை. ஆக, குட்டையைக் கெடுக்கும் பாசியே உங்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறது. விடியுமுன் ஆறரைக்கு வந்து பாருங்கள்: கால்வாய் வாயருகே எண்ணெய்ப் படலத்துக்குள் வாயை நீட்டிக்கொண்டு திலாப்பியா மீன்கள் காற்றுக்குத் தவிக்கும்.

செந்தூல்காரி:
வெட்டியெடுத்த குட்டையைச் சதுப்புநிலக் கணக்கில் சேர்க்கலாமா என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் நல்லது.

கெப்போங்வாசி:
சதுப்புநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கை செயற்கை நீர்நிலைகளையும் சேர்த்தே பேசுகிறது, அம்மா. வழக்கு அதுவன்று, மணிதான்.

நீர்மானி:
மணி, மணி என்று பூசாரிபோல் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். சென்ற ஆண்டு செந்நாரையைச் சாம்பல் நாரை என்று எழுதிவிட்டு, திருத்திய என்னோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்தாமே நீங்கள்?

பத்துமலையான்:
சாக்கடையை மட்டும் ஏசுகிறீர்களே, பூசை முடிந்த மாலைகளைப் பையோடு கொட்டுகிறவர்கள் யார்? தொட்டியில் பாசி தின்ன வளர்த்துச் சலித்த பண்டாராயா மீனைக் (உறிஞ்சுவாய்க் கெளுத்தியை) கொண்டுவந்து விட்டு, அது கரையைக் குடைய வழிசெய்கிறவர்கள் யார்?

செந்தூல்காரி:
எங்கள் வீட்டு மாலை குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. பொதுப்படையாகப் பழி போடாதீர்கள். மீனுக்கு ரொட்டி வீசும் கூட்டத்தில் உங்களையும் பார்த்திருக்கிறேன், ஐயா.

பத்துமலையான்:
ஒரு துண்டு ரொட்டியால் குட்டை செத்துவிடாது.

கெப்போங்வாசி:
ரொட்டியும் மாலையும் ஒருபுறம் இருக்கட்டும். ஈயம் கழுவிய மணலில் தங்கிப்போன ஆர்செனிக் அந்த ஆறு அளவீடுகளில் எங்குமே வராது; எனவே முதல் வகுப்பே கிடைத்தாலும் மனிதர் செய்த கேடு முழுவதும் அளக்கப்பட்டதாகாது. அதையெல்லாம் விட்டுக்கொடுத்தே கேட்கிறேன்: கருவியை ஓர் இரவு முழுவதும் நீரில் இறக்கி வைப்பதில் நீர்மானிக்கு என்ன தயக்கம்? பதில் இல்லாதபோதுதான் நாரை பறந்து வருகிறது. அந்த நாரையின் படம் எதிர்வெயிலில் எடுத்தது என்று அப்போதே சொல்லியிருக்கிறேன்.

நீர்மானி:
கருவி என் காசில் வாங்கியது. அதை எப்போது இறக்குவது என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன். நீர் இரண்டாம் வகுப்புதான், பறவையும் செந்நாரைதான்.