எதிர் வீட்டு ஆர்சிபி அங்கிள்

பெங்களூரு விஜயநகருக்கு நான் 2015-இல் குடிவந்தேன். சொந்த ஊர் வேலூர். ஆனால் எதிர் வீட்டு அங்கிளுக்கு நான் முதல் நாளிலிருந்து "சென்னை"தான். வண்டியில் டி.என். 23 நம்பரைப் பார்த்தார், ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை டீமான சிஎஸ்கே ரசிகன் என்று தெரிந்துகொண்டார், அவ்வளவு போதும் அவருக்கு. அவர் சுத்தமான கன்னடக்காரர், பெங்களூரு டீமான ஆர்சிபி என்றால் உயிர். 2008-இல் இருந்து ஒரு மேட்ச் விடாமல் பார்த்தவர்.

2016 ஐபிஎல்லில் சிஎஸ்கே இல்லை, ரெண்டு வருஷத் தடை. ஆர்சிபி ஃபைனல் வரை வந்தது, கோலி அந்த ஒரே சீசனில் 973 ரன் அடித்தார், ஃபைனலும் இங்கேயே சின்னசாமி ஸ்டேடியத்தில். ஹைதராபாத்திடம் 8 ரன்னில் தோற்றார்கள். ராத்திரி தண்ணீர் கேன் எடுக்க வெளியே வந்தால் மாடிப்படியில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து, "நாளைக்குக் காலையில காபிக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அதே வருஷம் செப்டம்பர் 12. காவிரி விவகாரத்தில் ஊரே பற்றி எரிந்த நாள், இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டிகளைத் தேடித் தேடி அடித்தார்கள், பேருந்துகளைக் கொளுத்தினார்கள், எங்கள் பக்கத்தில் ஊரடங்கு போட்டார்கள். நான் ஆபீஸிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக்கைக் காணோம். தெருவில் யாரிடம் போய்க் கேட்பது? வயிறு கலங்கி நின்றபோது எதிர் வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. பைக்கை அவர் வீட்டு காம்பவுண்டுக்குள் தள்ளிக்கொண்டுபோய் மேலே பழைய போர்வை போட்டு மூடியிருந்தார். ரெண்டு நம்பர் பிளேட்டையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றி சமையலறைப் பரணில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்து அவரே மாட்டிக் கொடுத்தார். ஸ்க்ரூ எல்லாவற்றையும் பேப்பரில் மடித்து, "முன்னாடி", "பின்னாடி" என்று கன்னடத்தில் எழுதி வைத்திருந்தார். எனக்குக் கன்னட எழுத்து தெரியாது, அவர்தான் படித்துக் காட்டினார். ரெண்டு டீம் ஆட்களும் நெட்டில் ஒருத்தர் அம்மாவை ஒருத்தர் இழுத்துத் திட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேப்பர் பொட்டலம்தான் ஞாபகம் வரும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

2018-இல் சிஎஸ்கே திரும்பி வந்ததும்தான் நிஜமான சண்டை தொடங்கியது. தோற்றவர் மறுநாள் காலை தர்ஷினியில், அதாவது நின்றுகொண்டே சாப்பிடும் ஹோட்டலில், இட்லி வடையும் பை டூ காபியும் (ஒரு காபியை ரெண்டாகப் பிரித்துக் குடிப்பது) வாங்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த ஏப்ரலில் சின்னசாமியில் 206 ரன்னைத் துரத்தி, தோனி 34 பந்தில் 70 அடித்து சிக்ஸரில் முடித்தாரே, மறுநாள் காலை அங்கிள் பேசவே இல்லை, ஆனால் காசைச் சரியாக எடுத்து வைத்தார். சிஎஸ்கே தோற்றால் மட்டும் அவருக்கு ஒரு பழக்கம். மேட்ச் முடிந்த ஐந்து நிமிஷத்தில் என் கதவைத் தட்டி, முகத்தை ரொம்ப அக்கறையாக வைத்துக்கொண்டு, "ஊட்ட ஆய்தா?" என்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டு, ஆன்ட்டி கொடுத்தனுப்பிய சாருவும் (நம்ம ரசம்தான்) சோறும் உள்ள கிண்ணத்தை நீட்டுவார்.

அவர் வீட்டில் கேபிள் டிவி, நான் போனில் பார்ப்பேன். போனில் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதனால் எனக்கு எல்லா விக்கெட்டும் முதலில் அவர் குரலில்தான் வரும். 2019 ஏப்ரல் 21 மேட்ச்சில் கடைசி ஓவருக்கு 26 வேண்டும், தோனி ஐந்து பந்தில் 24 எடுத்துவிட்டார், கடைசிப் பந்துக்கு உமேஷ் யாதவ் என் போனில் இன்னும் ஓடி வரக்கூட ஆரம்பிக்கவில்லை, எதிர் வீட்டில் அங்கிள் போட்ட கத்தலில் தெரு நாய்கள் குரைத்தன. ஒரு ரன்னில் தோற்றோம் என்பதைத் தெரிந்துகொண்டே அந்தப் பந்தைப் பார்த்தேன்.

கடைசியாக ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது 2024 மே 18. ஆர்சிபி பிளே ஆஃப் போக வேண்டுமென்றால் குறைந்தது 18 ரன்னில் ஜெயிக்க வேண்டும். மழை வேறு. யஷ் தயாளின் கடைசி ஓவர் முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த பந்திலேயே அவுட். 27 ரன்னில் ஜெயித்துவிட்டார்கள், தெரு முழுக்கப் பட்டாசு. அங்கிள் துள்ளிக் குதித்துவிட்டு என் பக்கம் திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதுதான் தோனிக்குக் கடைசி மேட்ச்னா நல்லா இல்லப்பா" என்றார். அன்றைக்கு அவர் ஊட்ட ஆய்தா கேட்கவில்லை. தட்டு போடச் சொல்லி ரெண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

நவம்பரில் வீரர்கள் ஏலம் நடந்தபோது ஆர்சிபி பவுலர் சிராஜை விட்டுவிட்டார்கள் என்று ஒரு வாரம் புலம்பினார். க்ருணால் பாண்டியாவை எடுத்தது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "பழைய மும்பைக்காரன் நமக்கு எதுக்கு?" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காணும் பொங்கல் அன்று சித்தி வீட்டில் போனை சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். ராத்திரி வந்து பார்த்தால் ஆறு மிஸ்டு கால். காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அங்கிள் எழுந்திருக்கவில்லையாம். ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. ஆன்ட்டி எனக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த எள்ளு பெல்ல (எள்ளும் வெல்லமும் கலந்தது) பொட்டலத்தைக் கையில் கொடுத்தார், சங்கராந்திக்கு வருஷா வருஷம் கொடுப்பது. அந்த ஆறு கால்களை நான் எடுக்காததை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 28, சேப்பாக்கத்தில் ஆர்சிபி எங்களை 50 ரன்னில் அடித்தது. 2008-க்குப் பிறகு அங்கே அவர்களுக்கு முதல் வெற்றி. மேட்ச் முடிந்ததும் என்னை அறியாமல் எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். சாப்பிடாமலே படுத்தேன்.

ஜூன் 3, ஆர்சிபி ஆடிய ஐபிஎல் ஃபைனலுக்கு ஆன்ட்டியே கூப்பிட்டார். கேபிளுக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தார், நான் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தேன். ஆன்ட்டிக்கு கிரிக்கெட் தெரியாது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் "இது நம்மளுக்கு நல்லதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். க்ருணால் 4 ஓவரில் 17 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார், ஆட்ட நாயகன் அவர்தான். கடைசி ஓவரில் லேப்டாப்பில் ஹேசல்வுட் பந்து பாக்கி இருக்கும்போதே தெருவில் சத்தம் வெடித்தது. நாற்பது ஐம்பது வீட்டுச் சத்தம், அதில் எனக்குப் பழகிய குரல் இல்லை. "கெத்ரா?" என்றார் ஆன்ட்டி. ஜெயிச்சுட்டாங்க ஆன்ட்டி, 6 ரன்னில், என்றேன். கோலி தரையில் முகம் புதைத்து அழுததைப் பார்த்து ஆன்ட்டியும் அழுதார், நானும் அழுதேன். சிஎஸ்கே அந்த வருஷம் கடைசி இடம். அது எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

மறுநாள் சின்னசாமி வாசலில் கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயசுக்காரர்கள். ஆன்ட்டி செய்தியைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவர் இருந்திருந்தா கண்டிப்பா போயிருப்பார்" என்றார். ஆமாம். விஜயநகரில் மெட்ரோ ஏறி கப்பன் பார்க்கில் இறங்கியிருப்பார், வர மாட்டேன் என்றாலும் விடாமல் என்னையும் கூட்டிக்கொண்டு.