சீஸ் ஸ்கோனில் சீஸ் ருசியே வரவில்லை, என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தேநீர்க் கடைகளில் சூடாக, வெண்ணெய் தடவித் தரும் சீஸ் ஸ்கோனுக்கு (சீஸ் சேர்த்துச் சுடும் சிறிய ரொட்டி) அடிமையாகி, வீட்டிலேயே மூன்று முறை செய்துவிட்டேன். நன்றாக உப்புகிறது, நிறமும் பரவாயில்லை. ஆனால் கடித்தால் வெறும் பன் மாதிரி இருக்கிறது.

என் அளவு: செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்த மைதா) 225 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், மைல்டு செடார் (மிதமான ருசியுள்ள சீஸ்) 100 கிராம், பால் 150 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்து, பாலை விட்டுப் பிசையாமல் சேர்த்து, ஒரு அங்குலக் கனத்தில் வெட்டி, ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைக்கிறேன். (முதல் தடவை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. வெட்டும் அச்சைத் திருகாமல் நேராக அழுத்தி எடுத்ததும் சரியாகிவிட்டது.)

மைல்டு செடார்தான் குற்றவாளி என்று சந்தேகம். நன்கு முதிர்ந்த செடாருக்கு மாறினால் 100 கிராமே போதுமா? கொஞ்சம் பார்மசான் சீஸும் கலக்கலாமா? கடுகுப் பொடி சீஸ் ருசியைத் தூக்கிக் கொடுக்கும் என்கிறார்கள். இந்த அளவு மாவுக்கு அரைத் தேக்கரண்டி அதிகமோ? மிளகாய்த் தூளை நம் கை தாராளத்தில் போட்டால் சீஸ் அமுங்கிவிடுமே என்று பயம்.

அப்புறம், பாலுக்குப் பதில் மோர் விட்டவர்கள் யாராவது உண்டா? ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.