துத்தநாக முலாம் போல்ட்டில் கை மரை: ‘வெட்டல்’, ‘துலக்கல்’, ‘ஓட்டல்’

அனைவருக்கும் வணக்கம்.

பட்டறைப் பயிற்சிக் கையேட்டில் டை (கம்பியின் வெளிப்புறம் மரை வெட்டும் கருவி) பிடிக்கும் பகுதிக்குச் சொல் தேடுகிறேன். வெறும் கம்பியில் புதிதாக மரை போடுவதும், துத்தநாகம் அடைத்த போல்ட்டின் மரையைச் சரிசெய்வதும் இப்போது ‘மரை போடுதல்’ என்றே இருக்கின்றன. முதலாவதற்கு ‘மரை வெட்டல்’, அடுத்ததற்கு ‘மரை துலக்கல்’ எனலாமா? ‘புரியிடைத் தூரம்’ (அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையிலான தூரம்) பாடநூலில் நிலைத்துவிட்டதால் அளவுக்குப் புரி, வேலைக்கு மரை என்று வைத்திருக்கிறேன்.

—

> ‘மரை துலக்கல்’

வேண்டாம் ஐயா. துலக்கு என்றால் பையன் பளபளவென்று வரும்வரை தேய்ப்பான். மரை பளபளத்தால் முலாம் போயிற்று.

சூட்டில் தோய்த்த முலாம் 50 மைக்ரான் என்று வையுங்கள். 60 டிகிரி மரையில் அது சரிவுகளில் ஏறுவதால் மரையின் நடுவிட்டம் (முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அளக்கும் விட்டம்) அதைப்போல் நாலு மடங்கு, அதாவது 0.2 மி.மீ., கூடும். சாதா நட்டு ஏறாமல் இறுகுவது இதனால்தான். அதற்கு வழி நட்டில் இருக்கிறது, போல்ட்டில் இல்லை. நட்டை முலாம் தோய்த்த பிறகு பெரிய அளவு டேப்பால் (உள்மரை வெட்டும் கருவி) அடிக்கிறார்கள்; சூட்டில் முலாம் தோய்த்த போல்ட், நட்டுக்கான ஐஎஸ்ஓ 10684 தரத்தில் இதற்கு 6ஏஇசட் என்ற வகுப்பே உண்டு. அந்த நட்டின் உள்மரையில் முலாம் இராது. போல்ட்டின் துத்தநாகம்தான் அதற்கும் காவல். டை விட்டுப் போல்ட்டையும் உரித்தால் இரண்டு பக்கமும் வெறும் இரும்பு.

இன்னொரு வழி, போல்ட் மரையை முலாமுக்கு முன்பே சற்றுச் சிறிதாக வைப்பது. அதில் ‘யூ’ குறி இருக்கும், பெரிய டேப் அடித்த நட்டில் ‘இசட்’. இந்த இரண்டையும் ஜோடி சேர்த்தால் பிடிமானம் குறைந்து, முறுக்கும்போது மரை உரிந்துவரும். கையேட்டில் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

—

நான் ‘மரை ஓட்டல்’ பக்கம். “டையை ஒரு ஓட்டு ஓட்டு” என்று பட்டறையில் சொல்வதுதானே. கருவியும் பிரிந்தே இருக்கிறது: பிளவுள்ள வட்ட டை வெட்ட, ஆறு பக்க டை நட்டு ஓட்ட. டை நட்டால் புது மரை வெட்டப் பார்ப்பவர்கள் பல்லைத்தான் உடைக்கிறார்கள்.

முலாம் கம்பியை நீளத்துக்கு அறுத்து முனையில் மரை வெட்டியே ஆகவேண்டும் என்றால், முதலில் மரை வரும் நீளத்துக்கு மட்டும் முலாமை அரத்தால் எடுங்கள். மேலடுக்குத் துத்தநாகம் மெத்தென்று டையின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். அடியிலுள்ள இரும்பு–துத்தநாகக் கலவை அடுக்கில் ஒரு பகுதி சாதா இரும்பைவிடக் கடினம், டையை மழுக்கும். எம்12 (12 மி.மீ. மெட்ரிக் மரை) என்றால் கம்பி 11.8 முதல் 11.9 மி.மீ. வரை இருக்கட்டும். முலாமோடு 12-ஐத் தாண்டினால் மரை கிழிந்துதான் வரும். முனையை 45 டிகிரியில் சாய்த்து அராவி, டையின் எழுத்துள்ள முகம் கம்பியைப் பார்க்க வைத்து, நடு ஸ்க்ரூவால் டையை விரித்து முதல் ஓட்டம் விடுங்கள். அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால். அப்போதுதான் சுருள் அறும். எண்ணெய் தாராளமாக. டையைச் சுருக்கி இரண்டாம் ஓட்டத்தில் நட்டு போட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு சுற்றில் டை சாய்ந்தால் பிறகு நேராக்க முடியாது. நட்டு ஒரு பக்கம் மட்டும் உட்காரும், சுமையும் அங்கேயே விழும். 8.8 என்ற வலிமைக் குறி போல்ட் தலையில் இருந்தால் கை டையை எடுக்கவே வேண்டாம்.

—

ஒரு குறுக்குக் கேள்வி. இந்தப் பகுதியில் பைப் டையும் சேர்கிறதா? அரை அங்குல பைப் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ., அங்குலத்துக்கு 14 புரி, 55 டிகிரி. பைப் மரைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 554-இன் கூம்பு மரை என்றால் 16-க்கு 1 சாய்வு வேறு. 20 மி.மீ. கம்பியில் பைப் டை விட்டால் முகடு நிரம்பாது, எம்20 நட்டும் ஏறாது. எம்20-இன் புரியிடை 2.5 மி.மீ., பைப் மரையின் புரியிடை 1.814 மி.மீ. ‘கூம்பு மரை’, ‘நேர் மரை’ என இரண்டு பதிவும் தேவை.

—

நன்றி. துலக்கலை எடுத்துவிட்டேன். திருத்திய பதிவுகள்:

மரை வெட்டல்: மரையில்லாக் கம்பியில் வட்ட டையால் புது மரை உண்டாக்குவது.
மரை ஓட்டல்: இருக்கும் மரையில் அழுக்கையும் நசுங்கலையும் டை நட்டால் சரிசெய்வது. முலாம் போல்ட்டுக்கு ஆகாது. அங்கே கம்பி பிரஷ், அதோடு சரியான நட்டு.
கூம்பு மரை, நேர் மரை: மேலே சொன்னபடி.

வெட்டிய இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட் பற்றி ஒரு வரி சேர்த்தேன்: நட்டை முறுக்கிய பிறகு, வெளியே தெரியும் மரைக்கு மட்டும். முன்பே தடித்துப் பூசினால் முலாமைப் போலவே பெயின்ட்டும் நட்டை ஏறவிடாது. பெரிய அளவு டேப்புக்கு ‘மிகை டேப்’ என்று எழுதியிருக்கிறேன், அதற்கு மட்டும் மாற்று இருந்தால் சொல்லுங்கள்.