பொத்தான்கண் அம்மாவைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

மாடிப்படி:
என் மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் முழுக்க, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ‘கோரலைன்’ கதையை அவளுக்குத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லி வந்தேன். நீல் கெய்மன் எழுதி 2002ல் வந்த ஆங்கிலக் கதை. நேற்று வந்திருந்த என் நாத்தனார் பத்து நிமிடம் கூட உட்கார்ந்து கேட்டார். “பிள்ளையைத் தூங்க வைக்கச் சொல்கிற கதையா இது?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பெரிய பழைய வீட்டைப் பிரித்துப் பல குடும்பங்களுக்கு விட்டிருக்கிறார்கள். கோரலைன் என்ற சிறுமியின் குடும்பம் அதில் ஒரு பகுதிக்குப் புதிதாகக் குடிவருகிறது. அப்பா, அம்மா இருவரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள். இவளுக்கென்று அவர்களிடம் நேரமில்லை. மழை நாளில் பொழுது போகாமல் அவள் வீட்டை எண்ணிப் பார்க்கிறாள். 21 ஜன்னல், 14 கதவு. அதில் 13 கதவுகள் திறந்து மூடுகின்றன. பூட்டியிருக்கும் பதினாலாவதைத் திறந்தால் செங்கல் சுவர். இன்னொரு நாள் திறந்தால் சுவரைக் காணோம். அந்தப் பக்கம் அதே வீடு. அங்கே இன்னொரு அம்மா. ருசியாகச் சமைக்கிறாள், கேட்டதெல்லாம் தருகிறாள். அவளுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். இங்கேயே தங்கிவிடு, உனக்கும் பொத்தான் தைத்துவிடுகிறேன் என்கிறாள்.

என் மகள் பயந்தாள். அதே சமயம், ஒரு நாள் கூட “போதும்” என்று சொல்லவில்லை.

வேப்பமர நிழல்:
உங்கள் நாத்தனார் பக்கம்தான் நான். என் பையனுக்கு ஆறு வயது. உறவினர் வீட்டில் பெரிய பிள்ளைகள் இந்தக் கதையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவனும் உட்கார்ந்துவிட்டான். அதற்கு அப்புறம் மூன்று வாரம் நான் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியை எடுத்தாலே கத்தினான். தூக்கத்தில் எழுந்து என் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். இருட்டில் அந்தச் சின்ன விரல் என் இமைமேல் ஊர்ந்ததை என்னால் மறக்க முடியாது.

பேய்க்கதையே கூடாது என்று சொல்லவில்லை. புளியமரத்துப் பேய், சுடுகாட்டுப் பேய் எல்லாம் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அந்தப் பேய் வெளியே இருக்கும். பயந்தால் வீட்டுக்குள் ஓடி அம்மா மடியில் படுத்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் பேய் இருக்கிற இடம் வீடு, அதன் முகம் அம்மா முகம். பயந்த குழந்தை எங்கே ஓடும்? என் எதிர்ப்பு இந்த ஒன்றுக்குத்தான்.

பொம்மைக்காரன்:
அக்கா, உங்கள் பையன் பட்ட பாட்டைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கான படமே இல்லை அது. அமெரிக்காவிலேயே ‘பெற்றோர் பார்த்து முடிவு செய்யவும்’ என்ற சான்றிதழோடுதான் வெளியானது. பொம்மைப் படம் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்கு என்று நம் வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். தப்பு அங்கே ஆரம்பிக்கிறது.

2009ல் ஹென்றி செலிக் இயக்கியது. லைக்கா ஸ்டூடியோவின் முதல் முழுநீளப் படம். பொம்மைகளைக் கையால் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். பொம்மைகளைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. அந்த அம்மா மெல்ல மெல்ல ஒல்லியாகி ஊசி போல நீளுவது, நிஜமாகவே ஒரு பொருள் நம் முன்னால் மாறுவது போல இருக்கும். அந்தக் கைவேலைக்காகவே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாடிப்படி:
படத்தின் அழகை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு பையனைப் படத்தில் சேர்த்துவிட்டார்கள். வைபி என்று பெயர். கடைசி ஆபத்தில் அவன் வந்து கைகொடுக்கிறான். புத்தகத்தில் கோரலைன் தனி ஆள். துணைக்கு ஒரு பெயரில்லாத கறுப்புப் பூனை, அதுவும் இஷ்டப்பட்டால்தான் பேசும்.

கடைசியில் அந்த அம்மாவின் துண்டான கை மட்டும் கதவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. கோரலைன் பழைய கிணற்றின் வாய்மேல் காகித மேசைவிரிப்பை விரித்து, பொம்மைகளுக்கு டீ விருந்து வைப்பது போல நடித்து, அந்தக் கதவின் சாவியை நடுவில் வைக்கிறாள். கை பாய்கிறது, விரிப்போடு கிணற்றுக்குள் போகிறது. சொப்புச் சாமான் வைத்து விளையாடுகிற வயதுப் பெண் அந்த விளையாட்டையே பொறியாக்குகிறாள். இந்த இடத்தில் என் மகள் எழுந்து நின்று கைதட்டினாள். படத்தில் அந்தக் கைதட்டலைப் பங்கு போட்டுவிட்டார்கள்.

வேப்பமர நிழல்:
பையன் இருந்தானா இல்லையா என்பது என் கவலை இல்லையே. என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் அம்மா?

பழைய கரும்பலகை:
முப்பது வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

அம்மா நல்லதங்காள் கதையை நம்மில் எத்தனை பேர் பாட்டி வாயால் கேட்டிருக்கிறோம்! பஞ்ச காலத்தில் பிறந்த வீட்டை நம்பி வந்தவள், அண்ணி கதவைச் சாத்தியதும் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். அதைவிட இருட்டான கதை ஏது? கேட்டுவிட்டு அழுதோம், பாட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினோம்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஹான்ஸல், கிரேட்டல் கதையும் பஞ்சத்தில்தான் தொடங்குகிறது. காட்டில் விடப்பட்ட அண்ணனும் தங்கையும் ரொட்டிச் சுவரும் கேக்குக் கூரையும் சர்க்கரை ஜன்னலும் கொண்ட ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். பசித்த குழந்தைக்கு வீடே தீனி. உள்ளே இருக்கிற கிழவிக்குக் குழந்தை தீனி. ‘கோரலைன்’ கதையில் வரும் வீடும் இதே வம்சம்தான். இந்தக் குழந்தைக்கு வயிறு நிறைந்திருக்கிறது, பெற்றோரின் கவனத்துக்குத்தான் பசி. பொறியில் அதையே இரையாக வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொன்னவள், 1812ல் வந்த முதல் பதிப்பில், பெற்ற தாய். 1840 பதிப்பில்தான் கிரிம் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஆக, ‘ஏன் அம்மா?’ என்ற உங்கள் கேள்வி அவர்களையும் உறுத்தியிருக்கிறது, அம்மணி.

வேப்பமர நிழல்:
ஐயா, நீங்கள் சொன்னது எனக்குத்தான் சாதகம். கதை தொகுத்தவர்களே பெற்ற அம்மாவைத் தாங்க முடியாமல் மாற்றியிருக்கிறார்கள். நல்லதங்காள் கதையைச் சொன்ன பாட்டி குரல் தழுதழுக்கச் சொன்னாள், அவள் மடி அங்கேயே இருந்தது. அந்தக் கதையில் அம்மா பேயும் இல்லை, கதி கெட்டவள். அவளுக்காக அழ முடியும். பொத்தான் வைத்தவளுக்காக யார் அழுவது?

செம்பருத்தி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா எழுதிய 1840 விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு சித்தி. கணவரின் மூத்த பெண் என்னிடம் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. நான் ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தால் கூட முதல் வருடம் தயங்கித்தான் வாங்குவாள். பள்ளியில் சொன்ன கதைகளில் எல்லாம் மாற்றாந்தாய் கொடுமைக்காரிதான். பெற்ற தாயின் பெயரைக் காப்பாற்ற எவரோ செய்த திருத்தம் எங்களைப் போன்றவர்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாடிப்படி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். தமிழில் சொன்னபோது அந்தப் பொத்தான்காரியை என்னவென்று அழைத்தீர்கள்?

மாடிப்படி:
செம்பருத்தி, முதல் நாள் ‘மாற்று அம்மா’ என்றுதான் சொன்னேன். மகள் உடனே, “மாற்றாந்தாயா?” என்றாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சித்திதான் எல்லாம். அந்தக் கணமே விழித்துக்கொண்டு, “இல்லை, பொத்தான்கண் அம்மா” என்று மாற்றிவிட்டேன். அப்புறம் கதை முடியும்வரை அந்தப் பெயர்தான்.

கதையும் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். அவள் யாருக்கும் அம்மா இல்லை. அம்மா போல வேஷம் கட்டிய ஏதோ ஒன்று. அவளது உலகம் கூட அரைகுறை. கோரலைன் வீட்டை விட்டு நேராக நடந்து போகிறாள். மரங்கள் மங்கி வெறும் வெண்பனியாகி, கடைசியில் அதே வீட்டின் முன்னால் வந்து நிற்கிறாள். அதற்கு அப்பால் எதையும் செய்து வைக்கப் பொத்தான்கண் அம்மாவால் முடியவில்லை. குழந்தை தன்னை விட்டுப் போய்விடாத அளவுக்கு மட்டும் ஒரு உலகம்.

செம்பருத்தி:
பொத்தான்கண் அம்மா. நல்ல பெயர். நன்றி.

வேப்பமர நிழல்:
அந்தப் பெயர் மாற்றம் சரியான வேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, செம்பருத்தி. ஆனாலும் என் நிலையிலிருந்து நகரவில்லை. இப்படிப்பட்ட கதைகள் குழந்தைக்குத் தைரியம் தரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் பையனுக்கு எந்தத் தைரியமும் வரவில்லை.

பொம்மைக்காரன்:
புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியல்காரர் 1976ல் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கதையில் உள்ள இருட்டு குழந்தைக்குத் தேவை, தன் பயத்துக்கு ஒரு உருவம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள அது உதவும் என்பது அவர் வாதம்.

மாடிப்படி:
அதே பெட்டல்ஹைம்தான் அந்தக் கதைகளுக்குப் படம் போடுவதை எதிர்த்தார். படம் இருந்தால் குழந்தை தன் சொந்தக் கற்பனையில் உருவாக்கிக்கொள்வது தடைபடும் என்றார். என் அனுபவமும் அதுதான். கதையாகக் கேட்ட என் மகள் தன்னால் எவ்வளவு தாங்க முடியுமோ அந்த அளவுக்குத்தான் பொத்தானைக் கறுப்பாக்கிக்கொண்டாள். ஒரு ராத்திரி, “பொத்தானுக்கு எத்தனை ஓட்டை? இரண்டா, நாலா?” என்று கேட்டாள். “நீ சொல்” என்றேன். “நாலு” என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கினாள். திரையில் பார்த்த குழந்தைக்கு அந்த உரிமை இல்லை. வேப்பமர நிழல், உங்கள் பையனுக்கு நடந்ததும் இதுதானோ என்று தோன்றுகிறது. கூட யாரும் இல்லை, நிறுத்திக் கேட்க வழியில்லை, உருவமோ ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

தைரியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பொத்தான்கண் அம்மா பிடித்து வைத்துவிட்ட தன் அப்பா அம்மாவைத் தேடி மறுபடி அந்தக் கதவுக்குள் போகும்போது கோரலைன் பூனைக்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறாள். முன்பு ஒரு நாள் அப்பாவோடு பொட்டல் நிலத்தில் நடந்து போயிருக்கிறாள். அப்பா குளவிக்கூட்டில் கால் வைத்துவிட்டார். அவளை ஓடச் சொல்லிவிட்டு, அவள் தப்பிக்கும் வரைக்கும் அங்கேயே நின்று கொட்டு வாங்கினார். அவளுக்கு ஒரே கொட்டு, அவருக்கு 39. ஓடியபோது அவர் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. அன்றைக்கே திரும்பிப் போய் எடுத்து வந்தார். குளவிக்கு நடுவில் நின்றது தைரியம் இல்லை, அப்போது வேறு வழியே தோன்றவில்லை. கண்ணாடியை எடுக்கப் போனபோதுதான் பயமாக இருந்தது, பயந்துகொண்டே போனதுதான் தைரியம் என்று மகளிடம் சொன்னாராம். வேலை வேலை என்று இருந்த அதே அப்பா. அவள் எதற்காகத் திரும்பிப் போகிறாள் என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பழைய கரும்பலகை:
இந்தக் குளவிக் கதையை எந்த வகுப்பிலும் தனியாகவே சொல்லலாம்.

வேப்பமர நிழல்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி பையனிடம் குளவிக் கதையை மட்டும் சொன்னேன். யார் அந்தப் பெண், அவள் வீடு எப்படி இருக்கும் என்று எதுவும் சொல்லவில்லை. 39 கொட்டு என்றதும் என் கையை இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாக விரலால் குத்தி எண்ண ஆரம்பித்தான். தோள் வரை வந்தும் எண்ணிக்கை முடியவில்லை. மற்றக் கையைக் கேட்டான். முடிந்ததும், “அந்த அக்கா அப்புறம் எங்கே போனாள்?” என்றான்.

ஒரு கதவைத் திறந்தாள், செங்கல் சுவர் இருந்தது என்று சொல்லி நிறுத்திவிட்டேன். இப்போதைக்குச் சுவர் சுவராகவே இருக்கட்டும். அவனுக்கு ஒன்பது வயது ஆகட்டும், அப்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.