சண்டை வீடியோ பார்க்கிற பிள்ளைகிட்ட என்ன பேசுறது?

கேள்வி:
பையனுக்கு 11 வயசு. பள்ளிப் பசங்க அடிச்சுக்கிற வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸ்ல தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டே இருக்கான். போனைப் பிடுங்கினா ஒளிஞ்சு பார்க்கிறான். எப்படிக் கையாளறது?

பதில் 1:
பிடுங்காதீங்க. நாளைக்கு நிஜமாவே மிரள வைக்கிற ஒண்ணைப் பார்த்தாலும், போன் போயிடும்னு உங்ககிட்ட மறைச்சிடுவான்.

பக்கத்துல உட்கார்ந்து ஒரு வீடியோவைப் பாருங்க, பாதியில நிறுத்துங்க. "இதையெல்லாம் ஏன்டா பார்க்கிற?"ன்னு கேட்டா வாயை மூடிக்குவான். "சுத்தி நிக்கிறவங்க என்ன பண்றாங்க? வீடியோ எடுக்கிறவன் ஏன் பெரியவங்களைக் கூப்பிடல? கீழ விழுந்த பையன் மறுநாள் எப்படி வகுப்புக்குப் போவான்?" இப்படிக் கேளுங்க. அடிக்கிறவன் மேலயே இருக்கிற கண்ணு அப்பதான் மத்தவங்க பக்கம் திரும்பும். பதில் வரலைன்னா அன்னைக்கு விட்டுடுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல இழுத்தா அது வகுப்பு எடுக்கிற மாதிரி ஆயிடும்.

பதில் 2:
பேசுறதோட போனையும் சரி பண்ணணும். பார்த்த வரலாற்றை வச்சுதான் யூடியூப் அடுத்ததைக் காட்டுது. அதனால ஹிஸ்டரியில இருக்கிற சண்டை வீடியோக்களை அழிங்க. புதுசா வந்தா மூணு புள்ளியைத் தொட்டு, இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதேன்னு கொடுங்க. இதை அவன் கையாலேயே செய்ய வைங்க.

ரெஸ்டிரிக்டட் மோடை, அதாவது பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோவை மறைக்கிற யூடியூப் அமைப்பை, ஒரு போன்ல போட்டா வீடு முழுக்க வந்துடும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. ஒவ்வொரு கருவியிலும், ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாப் போடணும். அதுவும் எல்லாத்தையும் வடிகட்டாது. 13 வயசுக்குக் கீழ இருக்கிறதால பெற்றோர் மேற்பார்வைக் கணக்கு நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. வாட்ஸ்அப் குரூப்ல வர்றதை என்ன பண்றது?

பதில் 2:
செட்டிங்ஸ்ல "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" போய், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூணுலயும் வீடியோ தானா இறங்குறதை நிறுத்துங்க. அப்புறம் அவனாத் தொட்டாத்தான் இறங்கும்.

பதில் 3:
ஒண்ணு விட்டுப்போச்சு. வீடியோவுல இருக்கிறது அவன் பள்ளிக்கூடமான்னு பாருங்க. அப்படின்னா அது வேடிக்கையா இருக்காது, அடுத்தது நாமதானோங்கிற பயமா இருக்கலாம். காலையில வயித்துவலின்னு சொல்றது, தூக்கம் கெடுறது, வழக்கமான வழியில போகாம சுத்திப் போறது, இதையெல்லாம் கவனிங்க. "உனக்குத் தெரிஞ்ச யாராவது இதுல இருக்காங்களா?"ன்னு மெதுவாக் கேளுங்க.

இருந்தா, லிங்க், எந்தக் கணக்கு, தேதி, நேரம் எல்லாத்தையும் குறிச்சு பள்ளிக்குக் கொடுங்க, செயலியிலயும் ரிப்போர்ட் பண்ணுங்க. அந்த வீடியோவைப் பெற்றோர் குரூப்ல போட்டுடாதீங்க. எச்சரிக்கைன்னு போட்டாலும், அடி வாங்கின பிள்ளையோட முகம் இன்னும் நாலு பேர் போனுக்குப் போயிடும்.