செஸ்னா 152 ஆட்-ஆன்: ஒரு வார வேலைக்கு 20 டாலரா?

இறக்கைமுனை:
நேற்று ரன்வே27 இங்கே எழுதியதைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள், அதில் தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானம்தான் ஆட்-ஆன். "தனியாக ஆட்-ஆன் விமானம் விற்கிறவர்கள் எல்லாரும் கடையில் கிடைக்கும் முப்பரிமாண மாடல் ஒன்றை வாங்கி, வேறு விமானத்தின் ஃபைல்களை அதன் மேல் ஒட்டி, ஒரு வாரத்தில் 20 டாலருக்கு விற்றுவிடுகிறார்கள், அந்த செஸ்னா 152-ம் அப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அந்த 152, அந்தச் சின்னப் பயிற்சி விமானம், நான் செய்து விற்பது. செய்தவன் இங்கேதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

14 மாதம் ஆனது. ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, இரவு 10 மணிக்குப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்தால் 1 மணி வரை வேலை. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்புக்கான லீவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 0, 10, 20, 30 டிகிரி என்று நான்கு நிலை. லீவர் மேலிருந்து நேராகக் கீழே வராது, 10-லும் 20-லும் பக்கவாட்டில் தள்ளித்தான் அடுத்த படிக்கு இறக்க வேண்டும். பக்கத்தில் சின்ன முள் ஒன்று ஃபிளாப் உண்மையில் எங்கே இருக்கிறது என்று மெதுவாகப் பின்தொடர்ந்து வரும். இந்த ஒன்றுக்கே எனக்கு ஒன்பது இரவு போனது. எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் குமிழில் சிவப்பு பெயின்ட் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்று புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வரைந்திருக்கிறேன். ஒரு வாரமாம்!

ரன்வே27:
14 மாதமோ 14 வருடமோ, அது உங்கள் கணக்கு. நான் காசு கொடுத்து வாங்கியவன். என் கேள்வி ஒன்றுதான். 3000 அடியில் எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்து, விமானத்தின் கரண்ட் முழுவதற்குமான மாஸ்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மூக்கைத் தூக்குகிறேன். ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்குகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் ஊத வேண்டும். ஊதவில்லை. மாஸ்டரைப் போட்டால் ஊதுகிறது. அசல் 152-ல் அந்த ஹார்னுக்குக் கரண்டே கிடையாது. கரண்டில் ஊதும் ஹார்ன் உள்ள வேறு ஏதோ விமானத்தின் ஃபைலை ஒட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழைய_மாணவன்:
ஹார்ன் விஷயத்தில் ரன்வே27 சொல்வது சரி. நான் 152-ல் 40 மணி நேரத்துக்கு மேல் பறந்தவன். இடது இறக்கையின் முன்விளிம்பில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் கண்ணாடியின் இடது மேல் மூலையில் உள்ள ஹார்னுக்குப் போகும். ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் முன்னாலேயே அந்தத் துளையில் காற்றழுத்தம் குறைந்து, ஹார்ன் வழியாகக் காற்றை உறிஞ்சும், அப்போது ஊதும். வயர் கிடையாது, பேட்டரி தேவையில்லை. பறப்பதற்கு முன் சுற்றிவந்து பார்க்கும்போது, சுத்தமான கைக்குட்டையை அந்தத் துளையின் மேல் வைத்து வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும் என்று செஸ்னாவின் கையேட்டிலேயே இருக்கிறது. முதல் நாள் பயிற்சியாளர் என்னை அப்படிச் செய்யச் சொன்னபோது கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உறிஞ்சினேன், தலைக்கு மேலே வாத்து கத்துவது போல ஒரு சத்தம். அதை மறக்கவே முடியாது.

மாஸ்டரை அணைத்தால் ஃபிளாப் நகராது, அதற்கு மின்மோட்டார். திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் நிற்கும். பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோ இருப்பதால் எஞ்சின் ஓடும். ஹார்னும் ஊதும்.

இறக்கைமுனை:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எந்த மனிதர் மாஸ்டரை அணைத்துவிட்டு ஸ்டால் பயிற்சி செய்கிறார்? ஆயிரம் பேர் பறப்பதில் ஒருவர்கூடச் செய்யமாட்டார். நான் புறப்படும் ஓட்டம், ஏறும் வேகம், குளிரில் எஞ்சின் கிளம்பும் விதம், கார்புரேட்டர் ஹீட்டைப் போட்டால் ஆர்பிஎம் இறங்குவது, இதையெல்லாம் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரி செய்திருக்கிறேன். ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஹார்ன், ஹார்ன், ஹார்ன்! கல்யாணப் பந்தியில் 21 வகை பரிமாறினால் ஊறுகாயில் உப்பு கம்மி என்று எழுந்து நிற்கிறவர் மாதிரி இருக்கிறது.

அப்புறம், செஸ்னா 182-ல் அது மின்சார ஹார்ன்தான். இறக்கையில் சின்ன இதழ் ஒன்று இருக்கும், அது மேலே தூக்கப்பட்டால் சர்க்யூட் மூடும். ஒரே கம்பெனி, ஒரே காலகட்டம். ஆகவே "செஸ்னாவில் கரண்டே கிடையாது" என்று அடித்துச் சொல்வது தவறு.

ரன்வே27:
நான் செஸ்னா என்று சொல்லவில்லை, 152 என்று சொன்னேன். நீங்கள் விற்பது 182-ஆ 152-ஆ? பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது? இப்போது நீங்களே 182 என்கிறீர்கள். எந்த ஃபைலை ஒட்டினீர்கள் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

இலவசப்பறவை:
எனக்கு விலைதான் புரியவில்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ன் சாதாரணப் பதிப்பிலேயே ஒரு 152 இருக்கிறது. அதன் மேல் எதற்கு 20 டாலர்? ஃபிளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் என்ற ஏர்பஸ்ஸைப் பாருங்கள். 2020-லிருந்து உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்கிறார்கள். இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது, பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஹார்ன் போன்ற ஒரு பிழை அங்கே வந்திருந்தால் இவ்வளவு நேரத்தில் யாராவது திருத்தியிருப்பார்கள், இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இறக்கைமுனை:
ஃபிளைபைவயர் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது ஒரு பெரிய கூட்டம். நான் ஒரே ஆள். மாடல், டெக்ஸ்சர், ஒலி, ஃபிளைட் மாடல், கையேடு, விற்பனைப் பக்கம், இரவு 2 மணிக்கு "என் கணினியில் கருப்பாகத் தெரிகிறது" என்று வரும் மெயிலுக்குப் பதில், எல்லாம் நான்தான். ஒலிக்கு வைஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளவே இரண்டு மாதம். 110 குதிரைத்திறன் லைகோமிங் எஞ்சினின் சத்தத்தைப் பதிவு செய்ய அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க வெயிலில் மைக்கோடு நின்றிருக்கிறேன். காற்று வந்து பாதிப் பதிவு வீணானது, அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனேன். சிமுலேட்டரோடு வரும் 152-ல் அந்தச் சத்தம் இல்லை.

விலையைப் பற்றிச் சொல்வதென்றால், ஃபீனிக்ஸ் ஏ320 என்ற ஏர்பஸ் ஆட்-ஆன் 2022-ல் வந்தபோது 49.99 பவுண்டு. வரிசையில் நின்று வாங்கினீர்கள். தமிழன் ஒருவன் தனியாகச் செய்தால் மட்டும் 20 டாலர் கொள்ளையாகத் தெரிகிறது.

ரன்வே27:
தமிழன் என்ற சீட்டை எடுக்காதீர்கள். ஃபீனிக்ஸில் எந்த சர்க்யூட் பிரேக்கரை இழுத்தாலும் அதற்குரியது மட்டும்தான் நிற்கும். உங்கள் விமானத்தில் மாஸ்டரை அணைத்தால் ஹார்ன் நிற்கிறது. "முழுமையான சிஸ்டங்கள்" என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அந்த வார்த்தைக்குத்தான் காசு கொடுத்தேன்.

மேகமூட்டம்:
ஒரு சந்தேகம். "சொந்தமாகச் செய்தது" என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? உடலின் மாடலை விலைக்கு வாங்கி, காக்பிட்டையும் பறக்கும் தன்மையையும் ஒருவரே செய்தால் அது சொந்தமா இல்லையா? அது தெளிவானால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

இறக்கைமுனை:
ரன்வே27, இப்போது உண்மையைச் சொல்லவா? போன வருடம் என் விற்பனைப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு "ஓட்டைப் படகு" என்று எழுதியது நீங்கள்தானே? அதே நாளில் பணத்தைத் திரும்பக் கேட்டீர்கள், பதிவிறக்கம் முடிந்த பிறகு தரமுடியாது என்று அந்தக் கடை சொன்னது. கடையின் விதி அது, என் விதி அல்ல. அந்தக் கோபத்தை ஒரு வருடமாகச் சுமந்துகொண்டு வந்து இங்கே ஹார்ன் என்று ஊதுகிறீர்கள். ஹார்ன்தான் பிரச்சினை என்றால் அன்றைக்கே எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம்.

ரன்வே27:
மெயில் போட்டேன். இரண்டு. பதில் வரவில்லை. இரவு 2 மணிக்கெல்லாம் பதில் போடுகிறவர் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். முதல் மெயிலின் தலைப்பே "ஸ்டால் ஹார்ன்" என்றுதான் இருந்தது.

இறக்கைமுனை:
வரவில்லை. வந்திருந்தால் பதில் போட்டிருப்பேன்.

இலவசப்பறவை:
அப்படியே அந்தத் திருட்டு நகல் விஷயத்தையும் பேசுங்கள். இவர் தன் விமானத்துக்கு இணையத்தில் சீரியல் எண் சரிபார்க்கும் பூட்டு போட்டிருக்கிறார். நெட் இல்லாவிட்டால் விமானம் சிமுலேட்டரில் லோடே ஆகாது. காசு கொடுத்தவனுக்குத்தான் இந்தத் தண்டனை.

இறக்கைமுனை:
வெளியிட்ட அன்று மாலையே திருட்டுத் தளத்தில் வந்துவிட்டது. மாலையே! காலையில் 11 பேர் வாங்கியிருந்தார்கள். மாலையில் அந்தத் தளத்தில் "நன்றி நண்பா, அருமை" என்று 40 பேர் எழுதியிருந்தார்கள். அந்த 40 பேரில் இங்கே இருப்பவர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். பூட்டு போடாமல் என்ன செய்வது?

பழைய_மாணவன்:
பூட்டு போடுவது உங்கள் உரிமை. ஆனால் எல்லை தெரிய வேண்டும். 2018 பிப்ரவரியில் ஃபிளைட் சிம் லேப்ஸ் என்ற ஆட்-ஆன் கம்பெனி தன் ஏ320 இன்ஸ்டாலருக்குள் குரோம் பிரவுசரின் பாஸ்வேர்டுகளை எடுக்கும் ஒரு ஃபைலை வைத்திருந்தது வெளியே வந்து எவ்வளவு பெரிய நாற்றமானது என்று நினைவிருக்கிறதல்லவா? திருடனைப் பிடிக்க மட்டும்தான் என்று சொன்னார்கள், ஆனால் ஃபைல் போனது எல்லோருடைய கணினிக்கும்தானே. அப்போதிலிருந்து எந்த இன்ஸ்டாலரையும் நான் சந்தேகத்தோடுதான் திறக்கிறேன்.

இறக்கைமுனை:
என்னை அவர்களோடு ஒப்பிடுகிறீர்களா? என் பூட்டு சீரியல் எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. 14 மாதம் உழைத்தவனைப் பாஸ்வேர்டு திருடன் வரிசையில் நிறுத்திவிட்டீர்கள். அண்ணே, உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

பழைய_மாணவன்:
ஒப்பிடவில்லை தம்பி. எல்லை என்றுதான் சொன்னேன். ஹார்னுக்குக் குழாய் என்றும் சொன்னேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இறக்கைமுனை:
சரி, பதில் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். சிமுலேட்டர் உள்ளே ஸ்டால் எச்சரிக்கை என்று ஒரே ஒரு மாறிதான் இருக்கிறது. ஆம் அல்லது இல்லை. எவ்வளவு ஆம் என்று அது சொல்லாது. அசல் ஹார்ன் மெதுவாக முனகலாகத் தொடங்கி, ஸ்டால் நெருங்க நெருங்கக் கத்தலாக மாறும். அந்த முனகல் வேண்டும் என்பதற்காக இறக்கையின் தாக்கு கோணத்தை எடுத்து, நானே ஒரு கணக்கு எழுதி, அதை ஒலியின் சுருதியோடு இணைத்தேன். அந்தக் கணக்கை ஓட்டும் நிரலை காக்பிட்டின் மற்ற கேஜ்களோடு சேர்த்து வைத்ததால் அது மின் பஸ்ஸின் கீழ், அதாவது மாஸ்டர் தரும் கரண்டின் கீழ், வந்துவிட்டது. அதாவது வேறு ஃபைலை ஒட்டியதால் வந்தது அல்ல, மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்யப் போனதால் வந்தது. இதைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஹார்ன் ஊதும் விதத்தை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ரன்வே27:
ஆக, மாஸ்டரை அணைத்தால் ஹார்ன் நிற்கிறது.

இறக்கைமுனை:
மாஸ்டரை யார் அணைக்கிறார்கள் என்று கேட்டேன்.

ரன்வே27:
ஆல்டர்னேட்டர் போய், பேட்டரியும் தீர்ந்தால் யாரும் அணைக்கத் தேவையில்லை. தானாகவே அணையும். அந்த நேரத்தில்தான் அந்த ஹார்ன் முக்கியம். அதற்காகத்தான் அதைக் காற்றில் ஊதும்படி வைத்தார்கள். எலக்ட்ரிகல் ஃபெயிலியர் பயிற்சிக்காகத்தான் உங்கள் விமானத்தையே வாங்கினேன்.

மேகமூட்டம்:
"சொந்தமாகச் செய்தது" என்பதற்கு...

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். யார் எந்தத் தளத்திலிருந்து எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே இனி வரக்கூடாது, இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

இறக்கைமுனை:
நீக்கியது இரண்டுமே என்னுடையது. பரவாயில்லை. சிமுலேட்டரின் 2024 பதிப்பு வந்தபோது என் விமானத்தின் பேனல் விளக்குகள் எல்லாம் கண் கூசும்படி எரிந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து திருத்தி, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு பைசா வாங்காமல் கொடுத்தேன். அதற்கு எத்தனை பேர் நன்றி சொன்னீர்கள்? ஒரு வாரத்தில் ஒட்டி விற்கிறவன் அதைச் செய்வானா? ரன்வே27-ம் அந்த அப்டேட்டைப் பதிவிறக்கம் செய்திருக்கிறார், என்னிடம் கணக்கு இருக்கிறது.

ரன்வே27:
செய்தேன். அதிலாவது ஹார்ன் சரியாகியிருக்கும் என்று பார்க்கத்தான்.

இலவசப்பறவை:
வாங்கியவர்களில் யார் எந்த நாளில் எதைப் பதிவிறக்கினார் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா? சீரியல் எண்ணை மட்டும்தான் பார்க்கிறது என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

இறக்கைமுனை:
அது கடை தரும் கணக்கு. என் பூட்டு தருவது அல்ல. எதையும் எதோடும் முடிச்சுப் போடாதீர்கள்.

பழைய_மாணவன்:
ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போகிறேன். அங்கே ஒரு 152 இன்னும் இருக்கிறது. கைக்குட்டை எடுத்துக்கொண்டு போய், மாஸ்டர் ஸ்விட்ச் அணைந்திருப்பதும் தெரியும்படி வீடியோ எடுத்துப் போடுகிறேன்.

இறக்கைமுனை:
போடுங்கள் அண்ணே. எந்த வருடத்து விமானம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 152-ஐ 1977 முதல் 1985 வரை செய்திருக்கிறார்கள், 1983-ல் எஞ்சினையே மாற்றி 108 குதிரைத்திறன் ஆக்கினார்கள். நான் செய்தது அதற்கு முந்தையது.

ரன்வே27:
எஞ்சினை மாற்றினார்கள். ஹார்னை மாற்றவில்லை.