தேயிலைத் தோட்டத்துக்கு முதலில் வேண்டியது உளவளத்துணையா, காணியா?

டிக்கோயா டீச்சர்:
2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா பக்கம் மண்சரிவில் போன உயிர்கள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது. தகரத்தில் மழை விழுந்தால் போதும், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடும். கூப்பிட்டால் வராது. "டீச்சர், மண் சத்தம் கேக்குதா?" என்று மட்டும் கேட்கும். அதற்கு என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும் மனம்விட்டுப் பேச உதவும், தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் மாதத்தில் இரண்டு நாளாவது வர வேண்டும், சனம் தங்கிய முகாம் மூடியதோடு அது நின்றுவிடக் கூடாது என்று பிரதேச செயலகத்துக்கு மனு எழுதப் போகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பசறைத் தம்பி:
டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலை வெடித்து நிற்கிறது. அங்கே இருக்க வேண்டாம் என்றார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. முகாமில் இருந்தபோது ஒருநாள் இரண்டு பேர் வந்தார்கள். எங்களை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். அம்மா மூச்சை விட்டுவிட்டு "காணி எப்ப தருவாங்க?" என்று கேட்டார். அவர்களிடம் பதில் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லை.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தை மறந்துவிட்டோமா? 2005லும் 2011லும் அங்கே மண் சரியும் என்று எச்சரிக்கை வந்தது. சனத்துக்குப் போக இடம் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மலை சரியும் என்று பயப்படுகிறவனுடைய மனதில் ஒரு கோளாறும் இல்லை. அவனை மலையடியில் இருந்து எடுங்கள். இருநூறு வருடம் உழைத்த சனத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கொடுங்கள், தூக்கம் தானாக வரும்.

பண்டாரவளை அக்கா:
தம்பி, அந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது எனக்கும் பிடிக்காத வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உளசமூகப் பணியில் இருந்தேன். பேனரோடு வந்து ஒருநாள் பேசிவிட்டுப் போன குழுக்களை நிறையப் பார்த்தேன். நடந்ததை எல்லாம் ஒரே இருப்பில் சொல்லச் சொல்லித் தோண்டுவது உதவாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முதல் நாட்களில் சாப்பாடு, பாதுகாப்பு, பிரிந்த உறவைத் தேடிக் கொடுப்பது, பேச வந்தால் காது கொடுப்பது. அவ்வளவுதான் முதலுதவி. அதிகம் பேர் நாள் போகப் போகத் தேறிவிடுவார்கள். தேறாத சிலரைக் கண்டுபிடிக்கத்தான் அங்கேயே ஆள் வேண்டும்.

இன்னொன்று. சுனாமிக்கு முன் மனநல சேவை என்றால் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள்தான். சுனாமி வந்த பிறகுதான், 2005இல் தேசிய மனநலக் கொள்கை வந்து, சேவை மாவட்டங்களுக்கு இறங்கியது. எல்லாரும் நம் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் இப்போதே கேட்காவிட்டால், பிறகு கேட்க ஆள் இருக்காது.

லயத்துப் பெரியவர்:
எங்கள் ஆட்கள் மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கா என்று கேட்பார்கள். பயந்தால் கோடாங்கி, இல்லாவிட்டால் மாரியம்மன் கோயில் திருநீறு. அதில் தேறியவர்களும் உண்டு, அதைக் குறையாகப் பேச வேண்டாம். போர்டு மாட்டி ஒரு அறையைத் திறந்தால் யாரும் படியேற மாட்டார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் வையுங்கள், அங்கே எப்படியும் தாய்மார் வருவார்கள். வேலை நாளில் வைத்தால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். அரைப் பேருக்குப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

பசறைத் தம்பி:
பெரியவர் சொன்னது சரி. அக்கா சொல்வதும் விளங்குகிறது. ஆனாலும் என் பயம் வேறு. காணி கொடுப்பது கஷ்டம், தோட்டக் கம்பனி நிலத்தை விட வேண்டும், அரசாங்கம் அளக்க வேண்டும். ஆலோசகரை அனுப்புவது லேசு. "சனத்துக்கு உதவி செய்தாச்சு" என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

டிக்கோயா டீச்சர்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு தம்பி. ஆனால் மீரியபெத்தைச் சனம் புது வீட்டுக்கு இரண்டு வருடம் காத்திருந்தது. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். இந்தத் தடவையும் அப்படி ஆனால், என் வகுப்புப் பிள்ளை அவ்வளவு காலமும் வாசலிலேயே நிற்கட்டுமா? அடுத்த வருடம் அது புலமைப்பரிசில் எழுத வேண்டும்.

பண்டாரவளை அக்கா:
1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் சேவை அது, நல்லது. ஆனால் மண் சரிந்த நாட்களில் போனுக்கு சிக்னல் எங்கே இருந்தது? ஆள்தான் வேண்டும். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒன்றாக ஐந்து தடவை ஒருவரோடு உட்கார்ந்து, பிரச்சினையைப் பிரித்துப் பார்க்க உதவும் ஒரு முறையை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கானது. பயிற்சி எடுத்த சாதாரண ஆட்களே செய்யலாம். சிம்பாப்வேயின் ஹராரேயில் பாட்டிமார் மர பெஞ்சில் உட்கார்ந்து இதே மாதிரி வேலை செய்கிறார்கள். நம் தோட்டங்களில் உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், ஆஸ்பத்திரி மனநல வைத்தியர் மேற்பார்வை செய்யட்டும். தொண்டு என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கினால் ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

பசறைத் தம்பி:
எங்கள் அம்மா இன்னும் படுத்துத் தூங்குவதில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சொப்பின் பையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்தி, சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருக்கிறார். காலில் செருப்பு. அதை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தூக்கம் இல்லாமல் கொழுந்துக்குப் போய் இரண்டு தடவை மலையில் விழுந்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளை ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவாரோ என்னவோ.

டீச்சர், இரண்டு மனுவாக எழுதுங்கள். ஒரே மனுவில் போட்டால் லேசானதைத்தான் செய்வார்கள். காணி மனுவை நான் எழுதுகிறேன். உங்கள் மனுவிலும் கையெழுத்து வைக்கிறேன், ஆனால் காணி மனுதான் முதலில் போக வேண்டும்.

டிக்கோயா டீச்சர்:
இரண்டையும் ஒரே நாளில் கொடுப்போம் தம்பி, உங்களுடையது மேலே இருக்கட்டும். பெரியவர், உங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராச் சாவி ஞாயிற்றுக்கிழமையில் யாரிடம் இருக்கும்?